முன்பல் போச்சு சார்!

மனுஷனுக்கு முன்பல் எப்படியோ, காருக்கு நம்பர் பிளேட் அப்படி. எதில் மோதினாலும் முதலில் போவது அதுதான்.

லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய வண்டியில் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு இருக்கிறது. ஓட்டுகிறவருக்கு பெல்ட், பலூன். சக்கரத்துக்கு மட்கார்டு. சும்மா படுத்திருக்கும் ஸ்டெப்னிக்குக்கூட டிக்கியில் ஜமுக்காளம் விரித்துத் தனி அறை. ஆனால் வண்டியின் மூக்குக்கும் முன்னால், முழங்கால் உயரத்தில், ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகடு ஒன்றை நிறுத்தி, 'வர்றதை நீ முதல்ல வாங்கிக்கோ' என்று அனுப்பி வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு மில்லிமீட்டர்! எங்கள் வீட்டு தோசை அதைவிடக் கனம். (என் மனைவி தொடர்கதை மட்டும்தான் படிப்பாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

அதுவும் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அந்தத் தகட்டுக்கு எதிரிகள் அதிகம். வெளியே எங்கும் தேட வேண்டாம், வீட்டு வாசலே போதும். பழைய ரோட்டின் தலைமேலேயே புது ரோடு போட்டுப் போட்டு ரோடு மேலே போய்விட்டது, வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. காரை உள்ளே இறக்க சிமென்ட்டில் ஒரு சரிவு. எந்தக் கொத்தனாரின் கைவண்ணமோ, இறங்கும்போதெல்லாம் பம்பர் 'கர்ர்ர்' என்று ஓர் அபூர்வ ராகம் பாடும். பிளேட்டின் கீழ் ஓரம் வாழையிலை நுனி மாதிரி உள்ளே சுருண்டுகொள்ளும். அதைத் தாண்டி வெளியே வந்தால் ஊர்க்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்ட வேகத்தடை. அதையும் தாண்டினால் நார்த்தாமலைப் பக்கம் ஜல்லி ஏற்றிக்கொண்டு, தார்ப்பாய் போடாமல் போகும் டிப்பர் லாரி. அதன் பின்னால் ஐந்து நிமிஷம் போனால் போதும், பிளேட்டில் அம்மைத் தழும்பு விழுந்துவிடும்.

விராலிமலை போனால் மயில். சிரிக்காதீர்கள். பளபளப்பான இடத்தில் தன் உருவத்தைப் பார்த்தால் ஆண் மயிலுக்கு அது எதிரி மயில். கொத்தித் தள்ளிவிடும். தச்சன்குறிச்சி ஜல்லிக்கட்டுக்குப் போய், காளைகள் ஓடி வரும் பக்கமாக வண்டியை நிறுத்தியவர்களின் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. காளைக்கு நம்பர் படிக்கத் தெரியாது.

எங்கள் ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் பதினொரு கார் நிற்கும். அதில் ஏழுக்கு முன்பல் சொத்தை. ஒரு பிளேட் கொட்டாவி விடுகிறது. ஒன்று ஒரு பக்கம் ஆணி கழன்று கண்ணடிக்கிறது. என் வண்டியை யாரோ ஒரு புண்ணியவான் ரிவர்ஸ் எடுக்கிறேன் பேர்வழி என்று முத்தமிட்டுவிட்டுப் போனதில், நடுவில் ஒரு பள்ளம். 55 என்பதில் முதல் 5 குனிந்து கும்பிடு போட்டுக்கொண்டிருந்தது.

டி.என். 55 எங்களுக்குச் சும்மா நம்பர் இல்லை சார். சமஸ்தானமாக இருந்த காலத்தில் இந்த ஊர் தனக்கென்று அம்மன் காசு அடித்துக்கொண்ட ஊர். 1948 மார்ச் 3-ல் இந்தியாவோடு சேர்ந்தோம். 1974 ஜனவரி 14, பொங்கலன்று தனி மாவட்டமானோம். காசெல்லாம் போய், இன்றைக்கு எங்களுக்கென்று மிச்சமிருக்கும் முத்திரை இந்த 55 ஒன்றுதான். சென்னை சிக்னலில் பக்கத்து வண்டியில் டி.என். 55 பார்த்தால் கண்ணாடியை இறக்கி, "புதுக்கோட்டையில எங்கண்ணே?" என்று கேட்காதவன் எங்கள் ஊர்க்காரனே இல்லை. அப்படிப்பட்ட 55 குனிந்து நின்றால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

டவுனில் கார் அலங்காரக் கடை ஒன்றுக்குப் போனேன். கடைப் பையன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினான்.

"கவர் போட்ருங்க சார். முன்னாடி, பின்னாடி ரெண்டும் சேர்த்து முன்னூறு ரூவா. கல்லு பட்டாலும் ஒண்ணும் ஆகாது."

"போட்டா நம்பர் தெரியுமா?"

"நல்லா தெரியும் சார். லேசா கறுப்பு ஷேடு உள்ளதும் இருக்கு. கேமராவுக்குத் தெரியாது."

"தம்பி, தெரியுமா, தெரியாதா?"

"நமக்குத் தெரியும் சார். அவங்களுக்குத் தெரியாது."

முன்னூறு ரூபாய்க்கு இப்படி ஒரு வேதாந்தம் வேறு எங்கேயும் கிடைக்காது. நான் யோசிப்பதைப் பார்த்து, அடுத்த அஸ்திரத்தை எடுத்தான். "அப்ப முன்னாடி புல் பார் மாட்டிருங்க. மலை மேல மோதினாலும் பிளேட்டு நிக்கும்."

கூட வந்திருந்த அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். "புல்லை எதுக்குடா பாக்கணும்? இவன் கார் விக்கிறானா, மாடு விக்கிறானா?" என்றார். பையன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அப்பா கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. அந்த இரும்புக் கிராதியை எதற்குப் பார்க்க வேண்டும்? 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதிவிட்டது. வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்ற மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு இது விரோதம், நடவடிக்கை எடுங்கள் என்று. காரணமும் இருக்கிறது. மோதலின் அடியை பம்பர் வாங்கி, மெதுவாக நசுங்கி, உள்ளே உள்ள பலூனுக்குச் சேதி சொல்ல வேண்டும். நடுவில் இந்தக் கிராதி இருந்தால் சேதி குழம்பும். எதிரே நடந்து வருகிறவனுக்கோ, பிளாஸ்டிக்கில் அடிபடுவதற்குப் பதில் இரும்பில் அடி. முன்பல்லைக் காப்பாற்ற முகத்தையே அடமானம் வைக்கிற கதை.

ரூல்ஸ் புத்தகத்தைப் புரட்டியே ஆபீஸில் காலம் ஓட்டுகிறவன் நான். இதை மட்டும் விடுவேனா? மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதில் 50, 51 இரண்டும் நம்பர் பிளேட்டுக்கே ஒதுக்கப்பட்டவை. பிளேட் எவ்வளவு அகலம், என்ன நிறம், எங்கே மாட்டுவது என்று கல்யாணப் பத்திரிகை மாதிரி சகலமும் உண்டு. காருக்கு 500 மி.மீ.-க்கு 120, அல்லது 340-க்கு 200. எழுத்தின் உயரம் 65 மி.மீ., தடிமன் 10, இடைவெளி 10. எழுத்து ஆங்கிலத்தில், எண் நாம் எழுதுகிற இந்த 1, 2, 3-ல். 8055 என்ற நம்பரை வளைத்து நெளித்து 'பாஸ்' என்று படிக்கவைக்கும் சித்திர வேலைக்கெல்லாம் அங்கே இடம் இல்லை. மீறினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 177-ஆம் பிரிவில் முதல் தடவை 500 ரூபாய் வரை, மறு தடவை 1,500 வரை.

2019 ஏப்ரல் 1-லிருந்து புது வண்டிகள் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டோடுதான் வருகின்றன. இடது மூலையில் நீல நிறத்தில் ஐ.என்.டி. அதற்கு மேலே அசோகச் சக்கரம் போட்ட 20-க்கு 20 மி.மீ. ஹோலோகிராம். லேசரில் பொறித்த பத்து இலக்கத் தனி எண். கறுப்பு எழுத்தின் மேலேயே சாய்வாக 'இந்தியா' என்ற சொல். மாட்டுவது ஸ்நாப் லாக். ஒருமுறை அடித்தால் அடித்ததுதான், உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ரூபாய் நோட்டுக்கு அடுத்தபடியாக நம்மிடம் இருக்கும் கஷ்டமான அச்சு வேலை இதுதான் என்று தோன்றுகிறது.

எங்கள் ஆபீஸ் ஹெட்கிளார்க், எதற்கும் வெளிநாட்டு உதாரணம் வைத்திருப்பவர். "அமெரிக்காவுல பாதி இடத்துல முன்னாடி பிளேட்டே கிடையாதுய்யா. கழட்டித் தூரப் போடு!" என்றார். பாதி இல்லை. ஐம்பது மாநிலங்களில் கிட்டத்தட்ட இருபதில் பின்பக்கம் மட்டும் இருந்தால் போதும், நிஜம்தான். ஆனால் அவர் டி.என். 55 வண்டியை திருவப்பூரில் அல்லவா ஓட்டுகிறார்!

கவர் விஷயத்துக்கு வருகிறேன். கறுப்பு ஷேடு போடுகிறவன் நோக்கம் தெரிந்ததுதான், அவனை விட்டுவிடலாம். ஆனால் பெரும்பாலோர் போடுவது சாதா கண்ணாடிக் கவர். நல்ல எண்ணத்தில்தான் போடுகிறார்கள். கல் படக் கூடாது, கீறல் விழக் கூடாது, அவ்வளவுதான். அந்த நல்ல எண்ணம் என்ன செய்யும் என்பது எங்கள் குடும்பத்துக்குத் தெரியும்.

என் சித்தப்பா ஆலங்குடிப் பக்கம் தச்சு வேலை பார்த்தவர். 2023-ல் ஒரு நாள் காலை ஏழு மணி இருக்கும். ஒரு வீட்டுக் கதவுக்கு அளவு எடுக்க டி.வி.எஸ். எக்ஸ்.எல்.-லில் புதுக்கோட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். பின்னால் வந்த ஒரு வெள்ளைக் கார் அவரை இடித்துத் தள்ளிவிட்டு, ஒரு நிமிஷம் தயங்கி நின்றுவிட்டு, கிளம்பிப் போய்விட்டது. வலது தொடை எலும்பு இரண்டாக முறிந்தது.

எதிரே டீக்கடை. அங்கே கிளாஸ் கழுவும் பையன் கெட்டிக்காரன். கார் கிளம்பும்போதே நம்பரைப் பார்க்க ரோட்டுக்கு ஓடி வந்திருக்கிறான். "டி.என். 55 வரைக்கும் தெரிஞ்சுதுண்ணே. அப்புறம் ஒரே வெளிச்சம்" என்றான். "பிளேட்டு மேல கண்ணாடி மாதிரி போட்டிருந்தான்."

நான் அப்புறம் அந்த இடத்தில் போய் நின்று பார்த்தேன். கார் போனது மேற்கே. அந்த நேரத்துச் சூரியன் கிழக்கே, தென்னந்தோப்புக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில். காரின் முதுகில் நேராக அடிக்கும் வெயில். வெறும் பிளேட்டாக இருந்தால் பிரச்னையே இல்லை. அதன் மேல் இருக்கும் தாள், வருகிற வெளிச்சத்தை வந்த வழியே சிதறாமல் திருப்பி அனுப்புவதற்கென்றே செய்யப்பட்டது. வெள்ளை வெள்ளையாக, கறுப்பு கறுப்பாகத் தெரியும். அதன் மேலே வழவழ பிளாஸ்டிக் ஒன்றைப் போட்டுவிட்டால், மேல்பரப்பு முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடுகிறது. எழுத்துக்குப் பதில் சூரியன்தான் தெரியும். பக்கத்து உரக்கடையில் இருந்த கேமராவிலும் போலீஸ்காரர்கள் பார்த்தார்கள். அதிலும் ஒரு வெள்ளைக் கார், அதன் முதுகில் ஒரு வெள்ளை நெருப்பு.

ரோட்டோரம் ஒரு துண்டு பிளாஸ்டிக் கிடந்தது. மூலைத் துண்டு, ஸ்க்ரூவோடு. முன்பக்கக் கவர். மோதலில் அது உடைந்திருக்கிறது, பிளேட் நிச்சயம் பிழைத்திருக்கும். முன்னூறு ரூபாய் வீண் போகவில்லை.

வண்டி எது என்று தெரியாவிட்டால் என்ன ஆகும் தெரியுமோ? மற்றவர்களுக்கான இன்ஷூரன்ஸ் இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்கவே கூடாது என்பது சட்டம். நம்பர் தெரிந்தால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டு, வைத்தியச் செலவு, வேலைக்குப் போகாத நாளின் கூலி, இனிமேல் சம்பாதிக்க முடியாமல் போன பணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். நம்பர் தெரியாவிட்டால், இடித்துவிட்டு ஓடிய வண்டிகளுக்கென்று அரசாங்கம் வைத்திருக்கும் திட்டம் ஒன்றுதான் கதி. உயிர் போனால் 2 லட்சம். பலத்த காயத்துக்கு 50,000. 2022 ஏப்ரல் 1-லிருந்து இந்தத் தொகை. அதற்கு முன்பு 25,000-மும் 12,500-மும்தான்.

சித்தப்பாவுக்குக் கிடைத்தது 50,000. ஆபரேஷன், பிளேட் (இது வேறு பிளேட், தொடைக்குள் வைப்பது), மூன்று மாதப் படுக்கை. எவ்வளவு ஆனது என்று சித்தி இன்னமும் சரியாகச் சொல்லவில்லை. அவள் கழுத்தைப் பார்த்து நாங்களே தெரிந்துகொண்டோம். சம்மணம் போட்டு உட்கார முடியாத தச்சருக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

அந்தக் கார்க்காரர் அயோக்கியர் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஓடியவரைக்கும் அயோக்கியர்தான். ஆனால் அந்தக் கவரைக் கடையில் வாங்கும்போது அவரும் என்னைப் போல மாதச் சம்பளத்தில் தவணை கட்டுகிற ஆளாக, 'கல் படக் கூடாதே' என்று நினைத்துத்தான் வாங்கியிருப்பார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

சரி, என்னதான் செய்வது? பிளேட் அடிபட்டுக்கொண்டே இருக்கட்டுமா என்றால், வேண்டாம். எங்கள் மெக்கானிக் பாய் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்.

"தம்பி, தகடு முட்டுறதால வளையல. பின்னாடி காலியா இருக்கே, அதனாலதான் வளையுது" என்றார். பம்பரின் முகம் வளைவு. பிளேட் தட்டை. நடுவில் இரண்டு விரல் இடைவெளி. அங்கே முட்டுக்கொடுக்க ஆளில்லை. பரோட்டாக் கடையில் அப்பளத்தைக் கையில் பிடித்துத் தட்டினால் நொறுங்கும், அதையே மேஜையில் ஒட்ட வைத்துத் தட்டிப் பாருங்கள். அதே தத்துவம். பிளேட்டின் அளவுக்கே ஒரு கெட்டி பிளாஸ்டிக் பலகையோ தகடோ பின்னால் வைத்து, பம்பருக்கும் அதற்கும் நடுவே ரப்பர் வாஷர் கொடுத்தால் முடிந்தது. கவசத்தை முன்னால் மாட்டாமல் முதுகுக்குப் பின்னால் மாட்டுவது. முன்னால் ஒரு மில்லிமீட்டர்கூட மறையாது. எந்த அதிகாரி வந்து பார்த்தாலும் அவருக்குத் தெரிவது பிளேட் மட்டும்தான்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மேலே சொன்ன ஸ்நாப் லாக்கை நாமாகக் கழற்றக் கூடாது. ஆகவே புது வண்டி எடுக்கும்போதே, பிளேட் மாட்டும் ஆளிடம், "பின்னாடி பேக் பிளேட் குடுத்து மாட்டுங்க" என்று சொல்லிவிட வேண்டும். மாலை, பூசணிக்காய், போட்டோ என்று நாம் பரவசத்தில் இருக்கும் அந்த நேரத்தில் இது ஞாபகம் வராது. உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போங்கள். ஏற்கெனவே மாட்டிய வண்டிக்கு, பின்பக்கமாகக் கைவிட்டு நான்கு மூலையிலும் ரப்பர் துண்டு ஒட்டிவிடலாம். பாய் எனக்குச் செய்தது அதுதான். நடுவில் இருந்த பள்ளத்தையும், பின்னால் கட்டையை வைத்து, முன்னால் மடித்த துணியை வைத்துக் கட்டைவிரலால் நீவி நீவி எடுத்தார். சுத்தியல் கூடாது. சுத்தியலால் தட்டினால் தகடு நிமிரும், ஆனால் மேலே இருக்கும் தாள் விரிசல் விடும், எழுத்தின் கறுப்பு உதிரும்.

விளிம்புக்கு ஃபிரேம் போடலாமா என்று பாயைக் கேட்டேன். ஐ.என்.டி., ஹோலோகிராம், லேசர் எண் எதையும் தொடாமல் நூல் அளவு விளிம்பு என்றால் போகட்டும். பெரும்பாலான ஃபிரேமில் கடைக்காரர் பெயரே ஓர் அங்குலத்துக்கு இருக்கிறது. நம் பிளேட்டில் அவருக்கு எதற்கு இலவச விளம்பரம்?

கழுவுவதிலும் பலர் அநியாயம் செய்கிறார்கள். தார்க் கறை போக பெட்ரோலும் தின்னரும் போட்டுத் தேய்த்தால், கறையோடு எழுத்தும் போகும். சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி போதும். வாட்டர் சர்வீஸில் பீச்சும் குழாயைப் பிளேட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதே என்று பையனிடம் சொல்ல வேண்டும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் என்று கடற்கரைப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் திரும்பி வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றுவது நல்லது. உப்புக் காற்றில், இரும்பு ஆணி தொடும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர ஆரம்பிக்கும். வெளுத்துப்போன எழுத்தின் மேல் வீட்டு பெயின்டை எடுத்துத் தீட்டுகிற ஓவியர்களுக்கு ஒரு வார்த்தை: மேலே ஒட்டும் அந்தத் தாளுக்குக் குறைந்தது ஐந்து வருஷ உத்தரவாதம் வேண்டும் என்று விதியே சொல்கிறது. அதற்குள் வெளுத்தால் மாட்டியவரிடம் போய்க் கேளுங்கள்.

பெயின்ட் என்றதும் எங்கள் சூப்பிரண்டு சார் ஞாபகம். அவருக்கு ஒரு நாள் செல்போனில் அபராதம் வந்தது. 'ஹெல்மெட் அணியாமல் வாகனம் ஓட்டியதற்காக.' அவர் வைத்திருப்பது கார். யாரோ ஒருவரின் பைக் பிளேட்டில் 8 பாதி உதிர்ந்து 3 ஆகியிருக்கிறது. அந்த 3 எங்கள் சாருடையது. போட்டோவைக் காட்டி மனுப் போட்டு ரத்து செய்து வாங்குவதற்குள், ஆபீஸ் முழுக்க அவரிடம், "சார், ஸ்டியரிங் பிடிக்கும்போது ஹெல்மெட் இடிக்காதா?" என்று கேட்டு முடித்துவிட்டது.

பின் பிளேட்டுக்கு மேலே ஒரு குட்டி பல்ப் இருக்கிறது. இருப்பதே பலருக்குத் தெரியாது. ராத்திரியில் அந்த வெள்ளை வெளிச்சத்தில், பின்னால் 15 மீட்டர் தூரத்திலிருந்து நம்பரைப் படிக்க முடிய வேண்டும் என்பது விதி. ஆபீஸ் முடிந்து ஒரு நாள் சாயங்காலம் இருட்டியதும் பதினொரு வண்டியிலும் விளக்கைப் போடச் சொல்லிப் பார்த்தேன். நான்கு எரியவில்லை.

மழைத் தண்ணீர் இன்னொரு திருடன். தேங்கிய தண்ணீரில் கார் போகும்போது முன்னால் ஓர் அலை எழும்பும். அது தட்டையான பிளேட்டின் பின்னால் புகுந்து பிய்த்துக்கொண்டு போகும். 2024 ஏப்ரலில் துபாயில் கொட்டித் தீர்த்த மழையில் நம்பர் பிளேட்டைத் தொலைத்தவர்கள் அநேகம். தண்ணீர் தேங்கிய சுரங்கப்பாதையைப் பார்த்தால் திரும்பிவிடுங்கள். 2021 செப்டம்பரில் எங்கள் மாவட்டத்துத் துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் கார் மூழ்கி, ஒரு பெண் டாக்டர் இறந்துபோனார். அங்கே பிளேட்டைப் பற்றிப் பேசுவதே பாவம்.

பக்தியும் பிளேட்டை விட்டுவைப்பதில்லை. ஆயுத பூஜை அன்று முன்னால் இரண்டு வாழைக்கன்று, நடுவில் மாலை, நம்பரின் மேல் மூன்று விரல் சந்தனம், அதன் நடுவே குங்குமம். கும்பிட்டு எழுந்தால் வண்டி அநாமதேயம். எங்கள் வீட்டில் நான் ஒரு சமரசம் செய்துவைத்திருக்கிறேன். சந்தனம் பானெட்டுக்கு, எலுமிச்சம்பழம் டயருக்கு. வாழைக்கன்று வீட்டு கேட்டுக்கு. "சாமிக்கு நம்பர் தெரிய வேண்டாமா?" என்று அம்மாவிடம் கேட்டேன். அதற்கு அம்மாவிடம் பதில் இல்லை. முனகல் மட்டும்தான்.

அப்படியும் உடைந்தே போனால்? 'ஒரு மணி நேரத்தில் அதே மாதிரி செய்து தருகிறேன்' என்று நீலத்தில் ஐ.என்.டி. ஸ்டிக்கர் ஒட்டித் தரும் கடைகள் உண்டு. பார்க்க அச்சாக இருக்கும். அதில் இருக்கும் லேசர் எண் எந்தக் கணக்கிலும் இருக்காது. அங்கீகாரம் பெற்றவர்கள் மூலம், ஆர்.சி. விவரம் கொடுத்து, பழைய உடைந்த பிளேட்டை ஒப்படைத்துத்தான் மாற்று வாங்க வேண்டும். தொலைந்தே போயிருந்தால் முதல் வேலையாகப் போலீஸில் புகார். அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். உங்கள் பிளேட் வேறு ஒரு வண்டியில் ஏறி வேறு ஏதாவது காரியத்துக்குப் போனால், விடியற்காலையில் கதவைத் தட்டுவது உங்கள் வீட்டில்தான்.

சித்தப்பா இப்போது தடி ஊன்றி நடக்கிறார். பட்டறையை மகனிடம் கொடுத்துவிட்டார். பகல் முழுக்கத் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்கு முன்னால் ரோடு. போகிற வருகிற வண்டியின் நம்பரையெல்லாம் முணுமுணுவென்று படித்துக்கொண்டே இருப்பார். முதலில் சித்தி பயந்தாள். இப்போது பேரனுக்கு எண் கற்றுக்கொடுப்பது அப்படித்தான். போன கார்த்திகையில் நான் போயிருந்தபோது, பின் பிளேட் முழுக்கச் சேறு அப்பிக்கொண்டு ஒரு மினி வேன் வந்து டீக்கடையில் நின்றது. சித்தப்பா தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க சித்தப்பா?"

"இருடா, வந்துர்றேன்" என்று, திண்ணை ஓரம் மடித்து வைத்திருந்த ஒரு பழைய பனியன் துணியை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.